எடுத்தது யாரு?

எங்கள் லயத்தில் அத்தைக்கு ‘யாரு அத்தை’ என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. மழை வரப்போகிறது என்று ஒருவர் சொன்னால், “யாரு சொன்னா?” என்பார். கோயிலிலிருந்து சுண்டல் வந்தால், “யாரு அவிச்சது?” என்பார். கதவைத் தட்டினால் மட்டும் உடனே கேட்கமாட்டார். சத்தம் காட்டாமல் எழுந்து வந்து, இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்து, தெரிந்த ஆள்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு, “யாரு?” என்பார்.

அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. பக்கத்துக் காம்பரா. கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட லயம் முழுவதற்கும் ஒரே தகரக் கூரை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் எழுப்பிய சுவர் அந்தக் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே எங்கள் வீட்டில் தும்மினால் அத்தை வீட்டில் கேட்கும். “யாருடி தும்முறது?” என்று சுவருக்கு மேலே கேள்வி வரும். “நாந்தான் அத்தே” என்றால், “நாந்தான்னா யாரு?” என்று அடுத்தது வரும். பிறந்த நாளிலிருந்து கேட்கிற குரல் தெரியாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அத்தையின் கணவரை மாமா என்போம். வாயில்லாப் பூச்சி. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் வேலை. வேலை விட்டு வந்ததும் வாசலில் அத்தைக்கு முன்னால் நின்று ‘ஹா’ என்று வாயை ஊதிக் காட்டவேண்டும். குடித்திருக்கிறாரா என்று அத்தை மோந்து பார்ப்பார். அந்த மனிதர் ஒரு துளி தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஊதுவார். சில நாள் அத்தை அடுப்பு வேலையில் மறந்திருந்தாலும் மாமா தானாகவே வந்து நின்று ஊதிவிட்டுத்தான் உள்ளே போவார். எங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பாக இருக்கும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அத்தை தராசைப் பார்க்கமாட்டார். நிறுக்கிற கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். “முள்ளுதான் அங்க இருக்கு, என்னைய என்னத்துக்குப் பாக்கிற?” என்று அவர் எரிந்து விழுவார். “முள்ளா எழுதுது? நீங்கதானே எழுதுறீங்க” என்பார் அத்தை. வாரத்தில் ஒரு சண்டையாவது நடக்கும். அதே கணக்கப்பிள்ளையின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் கொத்தமல்லி அவித்து எடுத்துக்கொண்டு முதலில் போனதும் அத்தைதான். அவருடைய சந்தேகத்தில் விஷம் இருந்ததில்லை. ஆள் யார் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

“ஆளு தெரிஞ்சா போயி சண்ட போடலாம். ஆளு தெரியாட்டி யாருகிட்டடி போறது?” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், சடங்கு, திருவிழா எதுவானாலும் படம் எடுக்க டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் வருவார். பெரிய கலைஞர் என்றெல்லாம் சொல்லமுடியாது. நேரத்துக்கு வரமாட்டார். வந்ததும் சாப்பாடு ஆயிற்றா என்று பார்ப்பார். அவர் எடுத்த படங்களில் உயரமானவர்களுக்குப் பாதித் தலைதான் இருக்கும். ஆனால் அவர் படம் எடுக்கும்போது அத்தை முதல் வரிசையில் வந்து நிற்பார். “அத்தே, கமராவ பாருங்க, என்னைய பாக்காதீங்க” என்று அவர் தொண்டை கிழியக் கத்துவார். அத்தை அவரைத்தான் பார்ப்பார். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் நேராகப் பார்க்க, அத்தை மட்டும் கொஞ்சம் மேலே, யாரையோ முறைத்துக்கொண்டு நிற்பார்.

படம் கழுவி வந்ததும் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே ஸ்டூடியோவின் நீல முத்திரை இருக்கும். அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு முன்பக்கம் திருப்புவார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இலங்கையிலிருந்து தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அத்தை பிறந்த தோட்டத்துக்கு ஒருவன் வந்து லயத்துக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நிறுத்திப் படம் எடுத்தானாம். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றானாம். அத்தையின் அம்மாவும் தம்பிமார்களும் இருக்கிறதில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு சிரித்தபடி நின்றார்களாம். பிறகு அந்தப் படம் அவர்களுடைய பாஸ்போட்டில் இருந்தது. அவர்கள் கப்பல் ஏறினார்கள். கல்யாணம் ஆகி இங்கே வந்திருந்த அத்தை மட்டும் மிஞ்சினார். படம் எடுத்தவன் யார், எந்த ஊர், யார் அனுப்பினார்கள் என்று அத்தை எங்கெங்கோ அலைந்து கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை.

இதை அத்தை தன் வாயால் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “யாரு சொன்னா?” என்றிருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தி குவைத்திலிருந்து வந்தாள். வீட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தவள். பெட்டியைத் திறந்தபோது, நைலான் சேலைகளுக்கும் பால்மாவுக்கும் நடுவில் ஒரு துண்டில் சுற்றி, கைக்குள் அடங்கும் கறுப்புக் கமரா இருந்தது. எல்லாம் தானாகவே செய்யும் கமரா. வெளிச்சம் போதாவிட்டால் தானாக பிளாஷ் அடிக்கும். பிலிமைத் தானாகச் சுற்றிக்கொள்ளும். படத்தின் மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் தேதியும் தானாகவே போடும். எல்லாவற்றையும்விட ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றுகொண்டால், முன்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் மினுக்கி மினுக்கி, பிறகு அதுவே படத்தை எடுத்துவிடும்.

லயமே கூடி வேடிக்கை பார்த்தது. அத்தை மட்டும் வாசல்படியைத் தாண்டவில்லை.

“அதுக்குள்ள யாரு இருக்கா?”

“யாரும் இல்ல அத்தே. மெசின்” என்றான் என் அண்ணன். அவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அப்போது லீவில் வந்திருந்தான்.

“எடுக்கிறதுக்கு ஆளில்லாத போட்டோவுல நா நிக்க மாட்டேன். நீங்க நில்லுங்க.”

அந்த வருஷம் நான் பெரிய பிள்ளையானேன். சடங்குக்கு நாள் குறித்ததும் அப்பா ஸ்டூடியோக்காரரிடம் சொல்லப் புறப்பட்டார். சித்தி விடவில்லை. “கையில கமராவ வச்சிக்கிட்டு அந்தாளுக்கு எதுக்குச் சோறு போடணும்?” என்றாள். அண்ணன் இன்னொரு முறை லீவு கேட்டு வந்தான். கமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டியவன் இறக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றுவது, மாலை போடுவது, ஆலாத்தி எடுப்பது எல்லாவற்றையும் அவன்தான் எடுத்தான். சாப்பிடும்போதும் மடியில் வைத்திருந்தான்.

கடைசியில் அம்மாதான், “நீயும் ஒண்ணுல நில்லுடா” என்றார். அண்ணன் ஒரு மாவு டின்னைக் கவிழ்த்து அதன் மேல் கமராவை வைத்தான். எங்களை நிறுத்தினான். பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றான். சிவப்பு வெளிச்சம் மினுக்க ஆரம்பித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

படத்துக்கு நிற்கமாட்டேன் என்று ஒதுங்கியிருந்த அத்தை, கமராவுக்குப் பக்கவாட்டில் இருந்தார். ஆளில்லாத டின் மேல் ஏதோ சிவப்பாக எரிந்து எரிந்து அணைவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மினுக்கல் வேகமானது. “ஐயோ, நெருப்புப் புடிக்குது!” என்று ஒரே எட்டில் வந்து, அதை அணைக்க விரலை வைத்தார். அதே நேரம் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

ஒரு வாரத்தில் நுவரெலியாவிலிருந்து படங்கள் கழுவி வந்தன. அண்ணன் எடுத்த படங்கள் எல்லாம் பளிங்குபோல இருந்தன. எல்லாருக்கும் முழுத் தலை இருந்தது. அண்ணன் இருந்த அந்த ஒரே படத்தில் மட்டும், ஒரு மூலையில் பெரிதாக, மங்கலாக, கொழுந்துக் கறை ஏறிய ஒரு விரல். நல்லவேளை, அண்ணன் முகத்தை மறைக்கவில்லை. அவன் அதற்குள் கொழும்பு திரும்பியிருந்தான். கடையிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்தபோது அப்பா சொல்ல, “நா நின்ன ஒரே படத்தையும் அந்த அத்தை கெடுத்துட்டாங்களா?” என்று கத்தினான்.

அத்தை படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

“பாருடி, எடுத்தவன் பேரே இல்ல” என்றார், ஏதோ களவைக் கண்டுபிடித்ததுபோல.

அண்ணனைப் பொலிஸ் பிடித்துப்போன செய்தி அதற்கு அடுத்த மாதம் வந்தது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்கள் யாருக்கும் எப்போது என்ன நடக்கும் என்று சொல்லமுடியாது. ஏதோ ஓர் அசம்பாவிதம் நடந்திருந்தது. அண்ணன் தங்கியிருந்த அறையில் இருந்தவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அசம்பாவிதம் நடந்த நாள் என் சடங்கு நாள். அன்றைக்கு அவன் எங்கள் லயத்தில் கமராவை மாட்டிக்கொண்டு திரிந்தான். ஆனால் அதை யார் நம்புவது? விசாரிக்கும்படி எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குத் தகவல் வந்தது. அங்கிருந்து, அன்று அவன் ஊரில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது, கொண்டு வாருங்கள் என்று ஆள் விட்டார்கள்.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா எல்லாப் படங்களையும் தரையில் பரப்பித் தேடினார். அண்ணன் எடுத்த படங்கள் இருந்தன. அண்ணன் இருக்கிற படம் அந்த விரல் படம் ஒன்றுதான். அதையும், படத்தில் இருக்கும் பிள்ளை இதுதான் என்று காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “யாருகிட்ட பேசப் போறீங்க?”

“பொலிசுல.”

“பொலிசுல யாரு?”

அப்பாவுக்கு அது தெரியாது. அத்தை கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்தார். “பேர் தெரியாத ஆளுககிட்ட பொட்டப்புள்ளய கூட்டிட்டுப் போறீங்களாக்கும்” என்றார். அதற்குப் பிறகு வராதே என்று சொல்ல யாரால் முடியும்?

பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன் இருந்தார். நடுத்தர வயது, நரைத்த மீசை. சிங்களமும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார். அப்பா படத்தைக் கொடுக்க நீட்டினார். அதற்கு முன் அத்தை அதை வாங்கி, விரல் விழுந்திருந்த மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேசைமேல் வைத்தார். என் சடங்குப் படம் அது. மாலையும் கழுத்துமாக நான் நிற்கும் படம். அங்கே இருந்த காக்கிச் சட்டைகள் எல்லாம் எட்டிப் பார்த்தபோது எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. சார்ஜன் படத்தை இழுத்துப் பார்த்தார். அத்தை மூலையை விடவில்லை. அவரும் அப்படியே குனிந்து பார்த்தார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது தேதிதான். செம்மஞ்சள் எழுத்தில் போன வருஷத் தேதி. சித்தி குவைத்தில் எப்போதோ பற்றரி மாற்றியிருக்கிறாள். அப்போது தேதியை யாரும் திருத்தவில்லை. அது தன்பாட்டுக்கு ஒரு வருஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றுவரை எங்களில் ஒருவரும் அந்த இலக்கங்களைக் கூர்ந்து பார்க்கவில்லை.

“இது போன வருசம்” என்றார் சார்ஜன்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. “இல்ல சேர், போன மாசம். கமரா பிழையா போட்டிருக்கு.”

“கமரா பொய் சொல்றதில்ல. மனுசன்தான் சொல்றது.” அவர் மறுபடியும் படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார். “மேக கத்தே கவுத?”

இதை எடுத்தது யார்? அத்தை வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வியை ஒரு பொலிஸ்காரர் வாயிலிருந்து கேட்டேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“யாரும் எடுக்கல சேர்” என்றார் அப்பா. “தானா எடுத்துச்சு.”

“அந்த மாதிரி கமரா நானும் பார்த்திருக்கு. சரி. நாளைக்கு யாராவது கேட்டா வந்து சாட்சி சொல்றது யாரு? கமரா வருமா? கையெழுத்து வைக்குமா?” சார்ஜன் படத்திலிருந்து கையை எடுத்தார். “ஸ்டூடியோ ஆள் எடுத்தா அவன் பேர் இருக்கும், அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். இதுக்கு ஆளும் இல்ல, தேதியும் பிழை. இது செல்லாது.”

ஊரே அண்ணனைப் பார்த்தது, யாரை வேண்டுமானாலும் கூட்டி வருகிறேன் என்று அப்பா கெஞ்சினார். உங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள் என்று சார்ஜன் எழுந்திருக்கப் போனார். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் இனி வரமாட்டான் என்றே நினைத்தேன்.

“நாந்தேன் எடுத்தேன்” என்றார் அத்தை.

சார்ஜன் திரும்பிப் பார்த்தார். “நீ யாரு?”

யாரும் அத்தையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அத்தை தன் பெயரை, தோட்டத்தை, லயத்தை, காம்பராவை ஒன்று விடாமல் சொன்னார். இவர்களுக்கு என்ன முறை என்று கேட்டதற்கு, ஒரு முறையும் இல்லை, பக்கத்து வீடு என்றார்.

“அப்ப இந்தத் தேதி?”

“அது யாரு போட்டதோ எனக்குத் தெரியாதுங்க. எடுத்தவ நா, இந்தா நிக்கிறேன். தேதி போட்டவன வரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் எதுக்க எதுக்க நிக்க வச்சிக் கேளுங்க. யாரு பொய்யின்னு தெரிஞ்சிரும்.”

சார்ஜனுக்கு அது முழுவதும் விளங்க, தமிழ் தெரிந்த இன்னொரு பொலிஸ்காரர் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. அவர் வாயோரம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை. “நீதான் எடுத்ததுன்னு எப்படி நம்புறது?”

அத்தை அப்போதுதான் மூலையை அழுத்திப் பிடித்திருந்த பெருவிரலை எடுத்தார். அங்கே படத்துக்குள் இருந்த அந்த மங்கல் விரலுக்குப் பக்கத்தில் தன் சுட்டுவிரலை வைத்தார். அதே கொழுந்துக் கறை.

“இது யாரு வெரலு? போட்டோவுல நிக்கிறவங்க எல்லாருக்கும் கையி சரியா இருக்கு, பாருங்க. இது வெளிய நின்னவ வெரலு.”

சார்ஜன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அபே கெதரத் எஹெமய்!” என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றார். அவர் மனைவி படம் எடுத்தால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு விரல் நிற்குமாம்.

பிறகு எழுதினார்கள். அத்தைக்குக் கையெழுத்து வராது. கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நகர்த்தினார்கள். “இத எழுதினது யாரு? படிச்சிக் காட்டுங்க” என்றார் அத்தை. தமிழ் தெரிந்தவர் படித்துக் காட்டினார். “இவுரு பேரு என்னா?” என்று சார்ஜனைக் காட்டிக் கேட்டார். பெயரைச் சொன்னார்கள். அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் அப்பா அழுதார். “பொலிசுல பொய் சொல்லிட்டியேம்மா, நாளைக்கு ஏதும்னா?” என்றார்.

“என்னா பொய்யி? அந்த எடத்தில நாந்தானே நின்னேன். வேற யாரு நின்னா?”

யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய் இல்லை. அந்த வெளிச்சம் அடித்த நேரத்தில் கமராவுக்குப் பின்னால் இருந்த ஒரே மனுஷி அவர்தான்.

சில வாரங்களில் அண்ணனை விட்டுவிட்டார்கள். அந்தக் கைநாட்டால்தான் விட்டார்களா, இல்லை வேறு யாராவது பிடிபட்டதால் விட்டார்களா என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் சந்தேகம் உண்டு. அத்தையோடு சுவரைப் பங்கிட்டு வளர்ந்தவளுக்குச் சந்தேகம் இல்லாமல் இருக்குமா? ஆனால் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அத்தை வீட்டுக் கதவைத்தான் தட்டினான். மெலிந்து, மொட்டை அடித்து, ஆளே மாறியிருந்தான்.

இடுக்கில் கண் தெரிந்தது. அது அவனை மேலும் கீழுமாகப் பார்த்தது. பிறகு, “யாரு?” என்று குரல் வந்தது. அது உடைந்திருந்தது.

“நாந்தான் அத்தே.”

“நாந்தான்னா யாரு?”

அண்ணன் தன் பெயரைச் சொன்னான். சொல்லும்போதே விம்மி விம்மி அழுதான். கதவு திறந்தது. அத்தை அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, அவன்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து நிற்கும் படம் எதுவானாலும் அண்ணன் ஒரு சொல் சொல்வான். “அத்தே, வெரல வைங்க.” அத்தை கமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, சுட்டுவிரலை அதன் மூலையில் வைப்பார். பொறுப்போடு வைப்பார். என் கல்யாணப் படத்தில் இருக்கிறது. என் மகள் காது குத்திய படத்தில் இருக்கிறது. என் கணவர் வீட்டார் இது என்ன பூதம் என்று கேட்டார்கள். “எடுத்த ஆளு” என்று அண்ணன் சொன்னான்.

அதற்குள் ஸ்டூடியோக்காரரும் மாறிவிட்டார். டவுன் மண்டபத்தில் ஒரு கல்யாணம். அவர் ஒரு ஸ்டாண்டில் கமராவைப் பூட்டி, கொஞ்சத்துக்கு ஒருமுறை தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை அவர் இலைக்கு முன்னால் போய் நின்றார். “நீங்க இங்க இருக்கீங்க. அங்க யாரு எடுக்கிறது?” அவர் வாயில் சோற்றோடு விழித்தார். பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டார் பாவம்.

பிறகு அண்ணன் டிஜிட்டல் கமரா வாங்கினான். அது மனித முகத்தைத் தானாகக் கண்டுபிடித்து மஞ்சள் கட்டம் போடும். அத்தைக்குக் காட்டினான். கட்டம் அங்கும் இங்கும் அலைந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் லட்சுமியின் முகத்தில் போய் நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். “ஆளு எது, படம் எதுன்னே இதுக்குத் தெரியல. இத நம்பி நிக்கிறீங்களே” என்றார்.

ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் படுத்து, அத்தை போய்விட்டார். கருமாதிக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். மாமா அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் அத்தை ஸ்டூடியோக்காரரை முறைத்துக்கொண்டிருந்தார். பெரிதாக்கினால் எல்லாரையும் முறைப்பார் என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் டவுனுக்குப் போனான். திரும்பி வரும்போது கண்ணாடி போட்டு பிரேம் செய்த பெரிய படம் கையில் இருந்தது. என் சடங்குப் படம். தப்பான தேதியோடு.

வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இதுல செத்தவங்க எங்க?” என்று கணக்கப்பிள்ளையின் மனைவி கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா சந்தனமும் குங்குமச் சிமிழுமாக எழுந்து வந்தார். எங்கள் யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. நேராக அந்த மூலைக்குக் கையைக் கொண்டுபோய், விரலின் மேல் சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். அதன் பிறகு யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

கருமாதி முடிந்து மறுநாள் மாமா வேலைக்குப் போனார். போகவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பின்னேரம் நான் அவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். செருப்பைக் கழற்றினார். படத்துக்கு முன்னால் வந்து, அந்த மூலைக்கு நேராகக் குனிந்து, ‘ஹா’ என்று வாயை ஊதிக் காட்டினார். கண்ணாடியில் ஆவி படிந்தது. அது மெல்லக் கலைந்து விரல் மறுபடியும் தெரியும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே போனார்.